வரி பூஜ்யம் ஆன பிறகும் சரக்கு ஏன் நிற்கிறது? வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மத்தி மீன் டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் மத்தி சார்டினாப்ஸ் சாகக்ஸ் என்ற இனம். ஐரோப்பியக் கரையோரம் கிடைப்பது சார்டினா பில்கார்டஸ். 1989-ல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் ஒரு விதி கொண்டுவந்தது: டப்பாவில் அடைத்த மீனைச் 'சார்டின்' என்று விற்க வேண்டுமானால் உள்ளே இருப்பது இரண்டாவது இனமாக மட்டுமே இருக்க வேண்டும். பெருவின் மீன் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெயரை மட்டும்தான் மறுத்தார்கள். வாங்குபவருக்குத் தெரிந்த பெயர் இல்லாத டப்பாவை எந்தக் கடைக்காரர் அடுக்கி வைப்பார்? உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸோ, நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ முன்னால் சேர்த்து 'சார்டின்' என்று எழுதலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. பெரு இந்த விஷயத்தை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுபோய், 2002-ல் மேல்முறையீட்டிலும் வென்றது.

அந்த வழக்கில் சண்டை வரியைப் பற்றியது அல்ல. லேபிளில் ஒரு சொல்லைப் பற்றியது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் யாரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பேச்சுவார்த்தைக் குழுக்கள் வரி அட்டவணைக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. தர விதிகள் பற்றிய அத்தியாயத்தையோ பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகின்றன. பிறகு ஏற்றுமதியாளர் வந்து, "வரி பூஜ்யம்தான், ஆனால் என் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது" என்கிறார்.

நீங்கள் அரசுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கலாம், தொழில் சங்கத்தின் சார்பில் கோரிக்கை தயாரிக்கலாம், அல்லது ஒரு ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவராக இருக்கலாம். வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஏற்கெனவே கையில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தப் பேச்சுவார்த்தையும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. சுங்க வரி, வர்த்தகம் பற்றி 1947-ல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் என்ற பொது ஒப்பந்தமும், 1995-ல் பிறந்த உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தங்களும் அடியில் இருக்கின்றன. அங்கே ஏற்கெனவே கிடைத்துவிட்டதை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு விலையாக ஒன்றை விட்டுக்கொடுப்பது புதிய குழுக்கள் அடிக்கடி செய்யும் தவறு.

அடிப்படை விதி எம்.எஃப்.என். ஒரு உறுப்பு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இரண்டு நாடுகள் தங்களுக்குள் மட்டும் வரியை நீக்கிக்கொள்வது இதற்கு விலக்கு. அதை அனுமதிப்பது காட் ஒப்பந்தத்தின் 24-வது பிரிவு. ஆனால் சும்மா அனுமதிக்கவில்லை: இரு நாடுகளுக்கு இடையிலான 'கிட்டத்தட்ட எல்லா வர்த்தகத்தையும்' ஒப்பந்தம் தழுவ வேண்டும், வரி நீக்கத்தைச் சாதாரணமாகப் பத்து ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். 'கிட்டத்தட்ட எல்லாம்' என்றால் எத்தனை சதவீதம் என்று வாசகத்தில் எங்கும் இல்லை. 90 என்ற எண் பேச்சுவழக்கில் உலவுகிறது, அவ்வளவுதான். வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 1979-ல் ஒரு தனித் தளர்வு கிடைத்தது. மற்றவர்கள், தங்களுக்குப் பிடித்த பத்துப் பொருளை மட்டும் பொறுக்கி ஒப்பந்தம் போட முடியாது.

அப்புறம், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரி விகிதங்கள் உண்டு என்பதைப் பாருங்கள். ஒன்று, 'இதற்கு மேல் போகமாட்டேன்' என்று உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு உறுதி கொடுத்த உச்சவரம்பு. இன்னொன்று, சுங்கத்துறை இன்று உண்மையில் வசூலிப்பது. உச்சவரம்பு 40 சதவீதம், வசூலிப்பது 10 என்று வையுங்கள். எதிர்த்தரப்பு "40-லிருந்து 15-க்கு இறக்குகிறேன்" என்றால் கேட்க நன்றாக இருக்கும். உங்கள் ஏற்றுமதியாளருக்கு ஒரு பைசாகூடக் குறையாது. நாளைக்கு 40-க்கு ஏற்ற முடியாது என்ற நிச்சயம் கிடைக்கிறது. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை வரிக் குறைப்பு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத் துறையில் 'தண்ணீர்' என்பார்கள். வரி அட்டவணையின் எந்த வரிசையில், அதாவது எந்தப் பொருளுக்கு, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற பட்டியல் முதல் சந்திப்புக்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள்

உலகின் எல்லாச் சரக்குகளுக்கும் எண் கொடுத்திருக்கும் எச்.எஸ். முறையை உலக சுங்க அமைப்பு பராமரிக்கிறது. 1988-லிருந்து நடைமுறையில் இருக்கும் இந்த முறையில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் ஒன்று. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் போட்டுக்கொள்கிறது. ஆறு இலக்க அளவிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திருத்துவார்கள். 2022-ல் ஒரு பதிப்பு நடைமுறைக்கு வந்தது.

பேச்சு தொடங்கும்போதே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: எந்த எச்.எஸ். பதிப்பு, எந்தத் தேதியின் வரி, அந்தத் தேதியில் எவ்வளவு. இது குமாஸ்தா வேலை போலத் தெரியும். செய்யாமல் விட்டால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தரப்பு வரியை ஏற்றிவிட்டு, ஏற்றியதை 'விட்டுக்கொடுத்து' பேர் வாங்கிக்கொள்ளும்.

வரியின் வடிவத்தையும் கவனியுங்கள். மதிப்பில் இத்தனை சதவீதம் என்றால் எளிது. ஒரு கிலோவுக்கு 2 டாலர் என்பது போல எடைக்கு வரி போட்டிருந்தால், கிலோ 20 டாலர் விற்கும் சரக்குக்கு அது 10 சதவீதம், 4 டாலர் விற்கும் சரக்குக்கு 50 சதவீதம். மலிவாக விற்கும் நாட்டைத்தான் அது அதிகம் அடிக்கும். இப்படிப்பட்ட வரிகளைச் சதவீதமாக மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எந்தப் பட்டியலையும் ஒப்பிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு "எங்கள் வரி வரிசைகளில் 95 சதவீதத்தை நீக்குகிறோம்" என்று சொன்னால், மீதி ஐந்தில் என்ன இருக்கிறது என்று அன்றிரவே பாருங்கள். உங்கள் ஏற்றுமதியில் பாதி அந்த ஐந்துக்குள் அடங்கியிருக்கலாம். அதனால்தான் வரிசைகளின் எண்ணிக்கையோடு வர்த்தக மதிப்பையும் பக்கத்திலேயே ஒரு பத்தியில் போட்டு வைக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த இரண்டாவது பத்தியும் ஏமாற்றும். 80 சதவீத வரி இருக்கும் பொருளை யாரும் அனுப்பியிருக்கமாட்டார்கள், அதனால் வர்த்தக மதிப்பு பூஜ்யமாகத் தெரியும், 'இது நமக்கு முக்கியமில்லை' என்று குழு அதைத் தாண்டிப் போய்விடும். எந்தச் சுவர் மிக உயரமோ அதுவே கணக்கில் காணாமல் போகிறது. இதைத் தவிர்க்க மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும்: நாம் அந்தப் பொருளை மற்ற நாடுகளுக்கு எவ்வளவு விற்கிறோம், அவர்கள் மற்ற நாடுகளிடமிருந்து எவ்வளவு வாங்குகிறார்கள்.

மூன்றாம் படி: கேட்பதும் கொடுப்பதும்

கோரிக்கைப் பட்டியல் ஒன்று, சலுகைப் பட்டியல் ஒன்று. வழக்கமாகச் சலுகைப் பட்டியலில் ஒவ்வொரு பொருளும் ஏதாவது ஒரு கூடையில் விழும்: ஒப்பந்தம் அமலாகும் அன்றே பூஜ்யம், ஐந்து ஆண்டில் பூஜ்யம், பத்து ஆண்டில் பூஜ்யம், கோட்டா, விலக்கு. பல நாடுகள் சேர்ந்து பேசும் சுற்றுகளில் சூத்திரமும் வரும். 1970-களில் காட் ஒப்பந்தத்தின் கீழ் நடந்த டோக்கியோ சுற்றில் புகழ்பெற்ற சுவிஸ் சூத்திரம் அழகானது. பழைய வரியையும் ஒரு கெழுவையும் பெருக்கி, அவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கெழு 10 என்றால் 40 சதவீத வரி 8 ஆகிறது, 10 சதவீத வரி 5 ஆகிறது. உயரமாக இருப்பதை அதிகம் வெட்டுகிறது. எவ்வளவு ஏற்றி வைத்திருந்தாலும் புது வரி 10-ஐத் தாண்டாது. இரு நாடுகளுக்கு இடையிலான பேச்சில் இதற்கு அதிகம் வேலை இருக்காது. அங்கே ஒவ்வொரு வரிசையாகத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

கோட்டா என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "ஆண்டுக்கு இத்தனை டன் வரை வரி இல்லை, அதற்கு மேல் முழு வரி" என்று ஒப்புக்கொண்டதும் பலர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த டன்களை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வார்கள்? முதலில் வருபவருக்கா, உரிமம் வாங்கியவருக்கா, பழைய இறக்குமதியாளருக்கா? உரிமம், உங்கள் சரக்கோடு போட்டியிடும் உள்நாட்டு உற்பத்தியாளரின் கைக்குப் போனால் அவர் அதைப் பூட்டி வைத்துவிடுவார். கோட்டா நிரம்பாமலே ஆண்டு முடியும். இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்றால், 2013-ல் பாலியில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள், விவசாயக் கோட்டா 65 சதவீதத்துக்குக் கீழே நிரம்பினால் என்ன செய்வது என்று தனி முடிவே எடுத்தார்கள். டன் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது பங்கீட்டு முறைக்குக் கொடுங்கள்.

நான்காம் படி: சரக்கு எந்த ஊர்க்காரர்?

சலுகை உங்கள் நாட்டுச் சரக்குக்குத்தான். மூன்றாம் நாட்டுப் பொருளுக்கு ஸ்டிக்கர் மாற்றி ஒட்டி அனுப்பினால் செல்லாது. இதற்கான பிறப்பிட விதிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் வரும்: வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எச்.எஸ். எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் மாறியிருக்க வேண்டும். அல்லது மதிப்பில் இத்தனை சதவீதம் உள்ளே சேர்ந்திருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட ஒரு வேலை உள்ளேயே நடந்திருக்க வேண்டும்.

சதவீத விதியில் ஒரு நுணுக்கம். ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு இடையே 2022-ல் நடைமுறைக்கு வந்த ஆர்செப் ஒப்பந்தத்தில் பல பொருள்களுக்கு 40 சதவீதம் என்ற அளவு உண்டு. உங்கள் பொருளின் விலை 100, வெளி மூலப்பொருள் 58 என்றால் உள் மதிப்பு 42. தேறிவிட்டீர்கள். மூலப்பொருளின் உலக விலை ஏறி 62 ஆனால் 38-க்கு இறங்கித் தோற்கிறீர்கள். தொழிற்சாலையில் ஒரு திருகுகூட மாறவில்லை, பிறப்பிடம் மாறிவிட்டது. மூலப்பொருள் விலை ஏறி இறங்கும் தொழில்களுக்கு எண் மாற்ற விதியையோ, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ கேளுங்கள்.

கடுமையான விதி எப்போதும் எதிரி அல்ல. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் பழைய நாஃப்டா ஒப்பந்தத்தில் கார்களுக்கு வைத்திருந்த 62.5 சதவீதத்தை 2020-ல் வந்த புதிய ஒப்பந்தத்தில் 75 ஆக்கின. உதிரிபாகத் தொழிலைத் தங்கள் பகுதிக்குள் இழுப்பதுதான் அங்கே நோக்கம். ஆனால் சலுகை மூன்று சதவீதம், சான்றிதழ் வாங்கும் செலவும் அலைச்சலும் அதற்கு மேல் என்றால், ஏற்றுமதியாளர் ஒப்பந்தத்தை மறந்துவிட்டு வழக்கமான வரியைக் கட்டிவிட்டுப் போவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: விதி, தரம், சான்று மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், நீங்களும் செலவிட வேண்டும்.

ஒரு வெளிநாட்டு விதி உங்கள் சரக்கைத் தடுக்கிறது என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். அந்த விதி எதைக் காப்பாற்றப் பார்க்கிறது? அதற்கு எந்த அளவுகோலை வைத்திருக்கிறது? அந்த அளவுகோலைத் தாண்டிவிட்டோம் என்று நிரூபிக்க என்ன கேட்கிறது? மின்சாதனத்தை எடுத்துக்கொள்வோம். ஷாக் அடிக்கக்கூடாது என்பது நோக்கம். இத்தனை வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது தரம். தங்கள் நாட்டு ஆய்வகத்தில் மட்டுமே சோதிக்க வேண்டும் என்பது சான்று முறை. ஏற்றுமதியாளர்களின் புகார்களைப் பிரித்துப் பார்த்தால் நோக்கத்தில் தகராறு அபூர்வம். தரத்தில் சில நேரம் தகராறு. சான்றில்தான் பெரும்பாலும் சிக்கல்: மாதிரி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பது, ஏற்கெனவே செய்த சோதனையை மறுபடி செய்வது, தொழிற்சாலையைப் பார்க்க அதிகாரி வரும்வரை உற்பத்தியை நிறுத்தி வைப்பது.

அடுத்து, எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். மனித, விலங்கு, தாவர உயிர்களை உணவு வழி அபாயங்களிலிருந்தும் நோய், பூச்சிகளிலிருந்தும் காக்கும் விதிகளுக்கு எஸ்.பி.எஸ். ஒப்பந்தம். மற்றத் தொழில்நுட்ப விதிகளுக்கு டி.பி.டி. ஒப்பந்தம். ஒரே தண்ணீர் பாட்டிலில் இரண்டும் வரும்: தண்ணீரில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்பது முதலாவது, பாட்டிலின் அளவும் லேபிளின் எழுத்தும் இரண்டாவது. வேறுபாடு முக்கியம், ஏனென்றால் முதலாவதில் அறிவியல் அடிப்படையிலான அபாய மதிப்பீடு இருந்தே ஆக வேண்டும். டி.பி.டி. மொழியில் 'தரம்' என்றால் விருப்பத்துக்கு உரியது, 'தொழில்நுட்ப விதி' என்றால் கட்டாயம். இந்த இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டு எழுதிய கோரிக்கைக் கடிதத்தை எதிர்த்தரப்பு முதல் பத்தியிலேயே ஒதுக்கிவிடும்.

சரி, தடையை எப்படி நீக்குவது? நான்கு கருவிகள் இருக்கின்றன.

ஒன்று, இரு நாடுகளும் ஒரே தரத்துக்கு மாறுவது. பொதுவாகக் கோடெக்ஸ் போன்ற சர்வதேச அமைப்பின் தரத்தை இருவரும் எடுத்துக்கொள்வார்கள். சர்வதேசத் தரம் இருந்தால் அதை அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டி.பி.டி. ஒப்பந்தமே சொல்கிறது. மத்தி மீன் வழக்கில் பெரு வென்றது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

இரண்டு, ஈடானது என்று ஏற்பது. உங்கள் வழி வேறு, எங்கள் வழி வேறு, போய்ச் சேரும் பாதுகாப்பு ஒன்று என்று ஒப்புக்கொள்வது. பாதுகாப்பு ஒரே அளவு என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏற்றுமதி செய்யும் நாட்டின் தலையில் விழும்.

மூன்று, பரஸ்பர அங்கீகாரம். உங்கள் நாட்டில் சட்டப்படி விற்கக்கூடியதை எங்கள் நாட்டிலும் விற்கலாம். 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு பிரெஞ்சுப் பழமதுவை முன்வைத்து இதற்கு வழி திறந்தது. பழமதுவில் குறைந்தது 25 சதவீத ஆல்கஹால் வேண்டும் என்றது ஜெர்மன் விதி. பிரான்ஸின் காசிஸ் த டிஜோனில் அதைவிடக் குறைவு. குறைந்த ஆல்கஹால் உள்ள மதுவைத் தடுத்து யாருடைய உடல்நலத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. லேபிளில் அளவை எழுதினால் போதும் என்றாகிவிட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998-லிருந்து சரக்குகளுக்கு மட்டுமல்ல, பதிவுபெற்ற தொழில்களுக்கும் இந்த வழியில் போகின்றன.

நான்கு, சோதனை முடிவுகளை மட்டும் ஏற்பது. உங்கள் தரத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் எங்கள் தரத்தின்படி உங்கள் ஆய்வகம் சோதித்துக் கொடுத்தால் நம்புகிறோம்.

புதியவர்கள் முதலாவதிலிருந்து தொடங்குகிறார்கள். பொதுத் தரம் என்றால் பெரிய சாதனையாகத் தெரிகிறது. என் கருத்தில் நான்காவதிலிருந்து தொடங்க வேண்டும். எந்த நாடும் தன் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, தன் மக்களுக்குக் கொடுத்த பாதுகாப்பில் ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை. ஏற்றுமதியாளருக்கோ வீணாகும் மாதங்களும் இரட்டைச் செலவும் போய்விடுகின்றன. சிறு நிறுவனத்துக்கு இது பத்து சதவீத வரிக் குறைப்பைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம். பெரிய நிறுவனம் இரண்டு முறை சோதித்தும் தாங்கும். சிறியது முதல் முறையிலேயே கைவிட்டுவிடும்.

நான்காவது எளிது என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 1998-ல் ஒரு பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் போட்டன. தொலைத்தொடர்புச் சாதனங்கள், மின்காந்த இணக்கம் போன்ற பகுதிகள் வேலை செய்தன. மின்சாதனப் பாதுகாப்பு பற்றிய பகுதி நடைமுறைக்கு வராமலே முடங்கியது. மருந்துத் தொழிற்சாலை ஆய்வுகள் பற்றிய பகுதியும் நீண்ட காலம் தூங்கியது. பிறகு இரு தரப்பு மருந்து ஒழுங்குமுறை அதிகாரிகளும் ஒருவர் வேலையை ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிட்டார்கள். 2017-ல் அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். 2019-ல்தான் மனித மருந்துகளுக்கு எல்லா ஐரோப்பிய உறுப்பு நாடுகளின் ஆய்வுகளையும் அமெரிக்கா ஏற்கும் நிலை வந்தது. வர்த்தக அதிகாரிகள் கையெழுத்திட்டதற்கும் ஒழுங்குமுறை அதிகாரிகள் நம்பியதற்கும் நடுவே இருபது ஆண்டுகள்.

சில இடங்களில் முறையே ஒட்டாது. கார்களுக்கு ஐ.நா.வின் 1958 ஒப்பந்தப்படி அரசு அமைப்பு வண்டி வகையைச் சோதித்து ஒப்புதல் கொடுக்கும், ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் அதை ஏற்கும். அமெரிக்காவில் தயாரிப்பாளரே தன் வண்டி விதிக்கு உட்பட்டது என்று உறுதி சொல்கிறார், தவறினால் பின்னால் நடவடிக்கை. ஒரு பக்கம் காகிதம் முன்னால் வருகிறது, இன்னொரு பக்கம் தண்டனை பின்னால் வருகிறது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

விவசாயப் பொருள்களுக்கு இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: வட்டார அங்கீகாரம். எஸ்.பி.எஸ். ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. நாட்டின் ஒரு மூலையில் பறவைக் காய்ச்சல் வந்தால் அந்த மூலையிலிருந்து வரும் கோழியை மட்டும் நிறுத்துங்கள், முழு நாட்டையும் மூடாதீர்கள் என்பது இதன் பொருள். நோய் வந்த பிறகு இதைப் பேச முடியாது, அப்போது எல்லோரும் பயத்தில் இருப்பார்கள். பண்ணைகள் நலமாக இருக்கும் காலத்திலேயே எல்லை வரையறை, கண்காணிப்பு முறை, தகவல் கொடுக்கும் கால அளவு எல்லாம் எழுதி முடித்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஒழுங்குமுறை அதிகாரியை முதல் நாளே கூட்டி வாருங்கள்

மருந்து, உணவு, விலங்கு நோய், மின்சாதனம் ஆகியவற்றைக் கண்காணிப்பவர்கள் வர்த்தக அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். நாளை ஒருவர் நோய்வாய்ப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்து "இதை அமல்படுத்துங்கள்" என்றால் அமைதியாக அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

எதிர்த்தரப்பின் விதியைத் 'தடை' என்று அழைப்பதற்கு முன்பும் இதை யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2013-ல் தொடங்கிய டி.டி.ஐ.பி. வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை 2016-ல் நின்றுபோனது. ஐரோப்பாவில் அதற்கு எழுந்த எதிர்ப்பின் அடையாளமாகவே மாறியது குளோரின் நீரில் கழுவிய அமெரிக்கக் கோழி. வரி விகிதம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கோழி எல்லோருக்கும் நினைவிருந்தது. மக்கள் தங்கள் தட்டில் விழுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், அதை வெறும் பாதுகாப்புவாதம் என்று ஒதுக்கிய பேச்சுவார்த்தைக் குழுவினர் தோற்றார்கள்.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சிக்கு ஐரோப்பா போட்ட தடை பற்றிய வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 1998-ல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இரண்டு விஷயம் சொன்னது: சர்வதேசத் தரத்தைவிட அதிகப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, ஆனால் அது அபாய மதிப்பீட்டின் மேல் நிற்க வேண்டும். ஐரோப்பா தடையை விலக்கவில்லை. அமெரிக்காவும் கனடாவும் பதில் வரி போட்டன. கடைசியில் 2009-ல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட தீர்வு எது தெரியுமா? ஹார்மோன் இல்லாத மாட்டிறைச்சிக்கு ஒரு கோட்டா. தரத்தில் யாரும் இறங்கவில்லை. சந்தை அணுகலில் ஒரு சன்னல் திறந்தது. தரம் பற்றிய பேச்சு முட்டி நிற்கும்போது இந்த வழி நினைவுக்கு வரட்டும்.

ஏழாம் படி: வாசகத்தை வரி வரியாகப் படியுங்கள்

வரைவு உங்கள் கைக்கு வரும்போது சதுர அடைப்புக்குறிகளால் நிறைந்திருக்கும். அடைப்புக்குள் இருப்பது ஒப்புக்கொள்ளப்படாதது, பக்கத்தில் எந்த நாடு முன்வைத்தது என்று இருக்கும். சுற்றுக்குச் சுற்று அடைப்புக்குறிகள் குறைகின்றனவா என்று எண்ணுவது முன்னேற்றத்தை அளக்க எளிய வழி.

வினைச்சொற்களைப் பாருங்கள். 'ஏற்க வேண்டும்' என்பது கடமை. 'ஏற்க முயலும்', 'பரிசீலிக்கும்', 'பொருத்தமான இடங்களில்' என்பவை நல்லெண்ணம். தர அத்தியாயங்கள் இந்த நல்லெண்ணத்தால் நிரம்பி வழியும். அத்தியாயத்தின் கடைசிப் பிரிவையும் தவறாமல் பாருங்கள். 'இந்த அத்தியாயத்துக்குத் தகராறுத் தீர்வு முறை பொருந்தாது' என்று ஒரே ஒரு வாக்கியம் அங்கே இருக்கக்கூடும். அது இருந்தால் மேலே எழுதிய 'வேண்டும்' எல்லாம் பலம் இழந்துவிடும்.

கடமையை வாங்க முடியவில்லை என்றால் கால அளவையாவது வாங்குங்கள். ஈடாக ஏற்கும்படி விண்ணப்பித்தால் இத்தனை நாளுக்குள் பதில், மறுத்தால் காரணம் எழுத்தில், புது விதியின் வரைவுக்குக் கருத்துச் சொல்ல இத்தனை நாள். உலக வர்த்தக அமைப்பின் டி.பி.டி. குழு கருத்துச் சொல்ல 60 நாள் பரிந்துரைக்கிறது. புதிய விதியை வெளியிட்ட பிறகு அமலுக்கு வர வழக்கமாக ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்று 2001-ல் தோஹாவில் முடிவானது. இவற்றைவிடக் குறைவாக ஒப்புக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சேவைகளைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப் போவதில்லை, அது தனி உலகம். ஒன்று மட்டும்: எழுதியவை மட்டும் திறக்கும் பட்டியலா, எழுதியவை தவிர எல்லாம் திறக்கும் பட்டியலா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது முறையில் நீங்கள் எழுத மறந்த துறை திறந்ததாகவே கணக்கு. நாளைக்குப் புதிதாகப் பிறக்கப்போகும் தொழிலும் அதில் சேரும், அதற்குத் தனி விலக்கு எழுதி வைக்காவிட்டால்.

எட்டாம் படி: பேச்சு முடிந்த பிறகு

பேச்சு முடிந்ததும், கையெழுத்துக்கு முன்பே, சட்ட நிபுணர்கள் வாசகத்தைச் சொல் சொல்லாகச் சலிப்பார்கள், மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவார்கள். பிறகு கையெழுத்து, அதற்குப் பின் நாடாளுமன்றங்களின் ஒப்புதல். 2016 பிப்ரவரியில் பசிபிக் கடலைச் சுற்றியுள்ள 12 நாடுகள் கையெழுத்திட்ட டி.பி.பி. ஒப்பந்தத்திலிருந்து 2017 ஜனவரியில் அமெரிக்கா வெளியேறியது. மீதி 11 நாடுகளும் 22 பிரிவுகளை நிறுத்தி வைத்துவிட்டு 2018-ல் புதிய பெயரில் அதைக் காப்பாற்றின. கனடாவுடன் ஐரோப்பா செய்த ஒப்பந்தத்தை 2016-ல் பெல்ஜியத்தின் வலோனியா வட்டார நாடாளுமன்றம் சில நாள்கள் நிறுத்தி வைத்தது. உள்நாட்டில் யார் கையில் சாவி இருக்கிறது என்பதை இரு பக்கமும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

ஒப்பந்தம் அமலான பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு யாரும் விழா எடுப்பதில்லை, ஆனால் ஏற்றுமதியாளர் பிழைப்பது அதில்தான். இ-பிங் என்ற இலவச இணைய சேவையில் உங்கள் பொருள்களையும் சந்தைகளையும் பதிவு செய்யுங்கள். எந்த நாடு புது விதியை உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்தாலும் மின்னஞ்சல் வரும், கருத்துச் சொல்லும் கெடு முடிவதற்குள் தெரிந்துகொள்ளலாம். திருப்பி அனுப்பப்பட்ட சரக்குகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள்: எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, எந்த எச்.எஸ். எண், அதிகாரி எழுத்தில் கொடுத்த காரணம், எத்தனை நாள் நின்றது. "எங்கள் சரக்கை நிறுத்துகிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னால், ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் இரு தரப்புக் கூட்டுக் குழுவில் ஒரு தலையசைப்புதான் கிடைக்கும். ஒரே காரணத்துக்காக நின்ற எட்டு சரக்குகளைத் தேதியோடு மேசையில் வைத்தால் எதிரே இருப்பவர் தன் துறைக்கு எழுதிக் கேட்டே ஆக வேண்டும். அங்கே பதில் வராவிட்டால் அதே தாளை ஜெனிவாவில் உலக வர்த்தக அமைப்பின் டி.பி.டி. குழுவிலோ எஸ்.பி.எஸ். குழுவிலோ வர்த்தகக் கவலையாக எழுப்பலாம். அதே கவலை உள்ள மற்ற நாடுகளும் அப்போது உங்களோடு சேர்ந்துகொள்ளும். கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே அந்த நாடுகளின் அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுங்கள்.